கிண்டிக்குப் போன அப்பாக்கள்

1990களின் கடைசியிலோ 2000களிலோ பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் சேர்ந்த தென்மாவட்டத்துக்காரர் யாரிடமாவது, முதன்முதலில் உள்ளே போய்ப் பார்த்த கல்லூரி எது என்று கேட்டுப் பாருங்கள். தான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்பவர் குறைவு. கிண்டி என்பார்கள். படித்தது சிவகாசிப் பக்கமோ திருச்செங்கோடோ இருக்கும். ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சென்னை சர்தார் பட்டேல் சாலையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள், ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து. சொந்தக் கல்லூரியின் வாசலை மிதித்தது ஃபீஸ் கட்டப் போன அன்றுதான்.

அவர்களுக்கு முந்தைய தலைமுறை வேறு மாதிரி அலைந்தது. 1978இல் மேல்நிலைப் பள்ளிகள் வரும்வரை பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். அடுத்த ஒரு வருடப் படிப்பான பி.யு.சி.க்கே கல்லூரிப் படி ஏறியாக வேண்டும். திருச்சி செயின்ட் ஜோசப்பில் விண்ணப்பம் வாங்க ஒரு நாள், நிரப்பிக் கொடுக்க ஒரு நாள், லிஸ்ட் ஒட்டிவிட்டார்களா என்று பார்க்க இன்னொரு நாள். மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் போட்டிருந்தால் அங்கேயும் அதே நடை. இன்டர்வியூ என்று கூப்பிட்டால் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டுக்கொண்டு கூட நிற்பார். சட்டைப்பையில் ஊர்ப் பெரிய மனிதர் கொடுத்த சிபாரிசுக் கடிதம் இருக்கும். அதை எடுத்து நீட்டலாமா வேண்டாமா என்ற தவிப்பிலேயே இன்டர்வியூ முடிந்துபோகும்.

வேறு வழியில்லாமல் அலைந்தார்கள் என்றாலும், அந்தத் தலைமுறை கல்லூரியைப் பார்த்தது. நோட்டீஸ் போர்டு எங்கே இருக்கிறது, பியூன் எப்படிப் பேசுகிறார், மரத்தடியில் சீனியர் பையன்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் சேர்வதற்கு முன்பே கண்ணில் பட்டது. இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் புகழ நான் தயாரில்லை. பஸ் காசு இருந்தவன்தான் அலைந்தான். இல்லாதவன் ஒரே ஒரு கல்லூரிக்குப் போட்டான், அல்லது போடவே இல்லை. சிபாரிசுக் கடிதம் கிடைக்காத சாதியிலும் தெருவிலும் பிறந்தவனுக்கு அந்த இன்டர்வியூ அறை எப்படி இருந்திருக்கும் என்பதை யாரும் நினைவுக் கட்டுரையாக எழுதுவதில்லை.

1984 ஒரு திருப்பம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அப்போதுதான் கதவு திறந்தது. விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த கல்லூரிகள் பொட்டல் காடுகளில் முளைக்க ஆரம்பித்தன. டொனேஷன் என்ற சொல்லுக்குப் புது அர்த்தம் வந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் பாதி இடம் ஃப்ரீ சீட், பாதி இடம் பேமென்ட் சீட் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபோது, இத்தனை கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய கால்கள் எல்லாம் கிண்டி நோக்கித் திரும்பியது அப்படித்தான்.

அந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதம் வந்ததும் வீட்டில் முதலில் தேடுவது டிடி எடுக்க 5,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 1,000. கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் மாணவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். கூட வரும் ஒருவர் பெரும்பாலும் அப்பா. அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமா. ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை தாம்பரத்திலோ, 2002க்குப் பிறகு கோயம்பேட்டிலோ இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, கசங்காமல் மடித்து வைத்திருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து சேர்வார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, எல்லாவற்றுக்கும் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட செராக்ஸ். தாசில்தார் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தோம் என்ற கதை அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கும்.

கேட்டைத் தாண்டும் முன்பே புரோக்கர்கள் வந்துவிடுவார்கள். நோட்டீஸை நீட்டி, "சார், எங்க காலேஜ் ஹைவேஸ்லயே இருக்கு, வேன் நிக்குது, இப்பவே கூட்டிட்டுப் போய்க் காட்டுறோம்" என்பார்கள். பல அப்பாக்களுக்கு, கல்லூரியை முன்கூட்டிப் பார்க்கச் சொல்லி வந்த ஒரே அழைப்பு அதுதான். பயந்துகொண்டு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே நடந்துவிடுவார்கள்.

உள்ளே பந்தல், நாற்காலிகள், பேங்க் கவுண்ட்டர், பெரிய திரை. திரையில் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, மிச்சமிருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாக்கள் அந்தத் திரையைப் பார்த்தபடி நின்ற விதத்தை நான் மறக்கவில்லை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர்கூட எண்ணைப் படிப்பார். காலையில் 14 இருந்த இடம் மத்தியானம் 3 ஆகியிருக்கும். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வெளியே வரும். கணக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்த பத்துக் கல்லூரிப் பெயர்கள் அதில் இருக்கும். எட்டை ஏற்கெனவே பேனாவால் அடித்தாகிவிட்டது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க? இந்த மூணாவது காலேஜ் எப்படிங்க?" என்று கேட்பார். அவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். தமிழ்நாட்டின் ஒரு பெரிய பகுதி மேற்படிப்பு முடிவுகளை எடுத்தது இப்படிப் பந்தலில் நின்று விசாரித்துத்தான்.

முறை வந்ததும் ஒரு தொகுதியாக உள்ளே கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், காலியிடம் உள்ள கல்லூரிகள் மட்டும் வரும். ஹோட்டலில் சர்வர் வந்து, இட்லி முடிஞ்சுது, பொங்கல் இருக்கு, பூரி இருக்கு என்று சொல்வதுபோல. இருப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டியதுதான். கால் மணி நேரத்துக்குள் நான்கு வருடம் முடிவாகிவிடும். மெக்கானிக்கலா, இ.சி.இ.யா என்று பையன் யோசிப்பான். பெண்ணாக இருந்தால் அப்பாவின் கேள்வி வேறு: நம்ம ஊர்லேர்ந்து பஸ் போகுமா? பிரிண்டரிலிருந்து ஒதுக்கீட்டு ஆணை வரும். வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்தில் அம்மாவுக்குப் போன். பல வீடுகளில் அதுதான் முதல் முறையாக யாரோ ஒருவர் சென்னையிலிருந்து பேசியது.

2006இல் நுழைவுத்தேர்வை நீக்கச் சட்டம் வந்து, மறுவருடத்திலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கு என்றானது. 300க்குப் போட்ட கட்-ஆஃப் 200க்கு வந்தது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்ததும் ஃபைலில் இன்னொரு சான்றிதழ் கூடியது. கல்லூரிகள் 500ஐத் தாண்டின. எல்லாருக்கும் எங்காவது ஓர் இடம் கிடைக்கும் என்று ஆனபோது, எந்த இடம் என்ற கேள்வி பெரிதாயிற்று.

2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. பந்தல் இல்லை, திரை இல்லை, ராத்திரி பஸ் இல்லை. சான்றிதழ் சரிபார்க்க மாவட்டத்திலேயே உதவி மையம். ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் மிச்சப்படுத்திய இந்த மாற்றத்தைக் குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள் அந்தப் பந்தலில் கழிப்பறை தேடி அலைந்ததைப் பார்த்தவர்கள் கிண்டி நாட்களுக்காக ஏங்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறிப்போனது, அதைத்தான் யாரும் பேசவில்லை. அன்றைக்கு இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இன்றைக்கு எது மிச்சமிருக்கும் என்று தெரியாமல், நானூறு சொச்சம் கல்லூரிகளிலிருந்து, பிரிவு பிரிவாக ஒரு நீண்ட வரிசையை நாமே அடுக்கிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்த வரிசையில் மேலிருந்து கீழே வந்து, நம் ரேங்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தை ஒதுக்கும். ஐந்தாவது இடத்தில் போட்டது கிடைத்துவிட்டால், ஆறாவதாகப் போட்டதுதான் நமக்குப் பொருத்தம் என்று அப்புறம் தெரிந்து பிரயோஜனமில்லை. பத்தே பத்து சாய்ஸ் போட்டுவிட்டு, பத்தும் கைவிட்டுப்போய், அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கலாம். முறை நியாயமானதுதான், கணக்கும் சுத்தம். கல்லூரிகளைப் பற்றி நிறையத் தெரிந்த வீட்டுக்கு அது இன்னும் நியாயமாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

விவரம் தெரிந்த பிள்ளைகள் இன்று கல்லூரிகளைப் பெயரால்கூடச் சொல்வதில்லை, கோடு நம்பரால் சொல்கிறார்கள். 1 என்றால் கிண்டி, 4 என்றால் எம்.ஐ.டி. 2005 கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 2006 பி.எஸ்.ஜி., 5008 மதுரை தியாகராஜர். ஏதோ வருடக் கணக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் இருக்கும் தாத்தா, "2005லயா? அப்ப நீ பொறக்கவே இல்லையே" என்பார்.

அருப்புக்கோட்டையில் அக்கா மகள் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, கவர்ன்மென்ட் காலேஜ் சிவில மேல போடவா, இல்ல பிரைவேட்ல ஏடிய மேல போடவா?"

"ஏடின்னா என்னம்மா?"

"ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் மாமா. கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் போடுறாங்க."

"அந்தக் காலேஜப் பாத்திருக்கியா?"

"யூடியூப்ல பாத்தேன். டிரோன்ல எடுத்திருக்காங்க, சூப்பரா இருக்கு."

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "காலேஜ் பஸ் நம்ம பக்கம் வருதான்னு மொதல்ல பாருடி."

கேள்வி ஒன்றும் மாறவில்லை. கேட்பது அப்பாவுக்குப் பதில் அம்மா, இடம் கிண்டி ஹாலுக்குப் பதில் அடுப்படி.

டிரோனில் எடுத்தால் எல்லாக் கல்லூரியும் அழகுதான். புல்தரை தெரியும், நீச்சல் குளம் தெரியும், வரிசையாக நிற்கும் மஞ்சள் பஸ் தெரியும். வாத்தியார் தெரிய மாட்டார். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட குற்றச்சாட்டு ஞாபகம் இருக்கும்: ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பணியாளர் பட்டியலில் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. அங்கீகாரத்துக்காகக் காகிதத்தில் மட்டும் வேலைபார்த்த ஆசிரியர்கள். இப்படிப்பட்ட ஒன்றை எந்த வீடியோவிலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்த டிபார்ட்மென்ட் வராந்தாவில் நடந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

வசதியுள்ள வீடுகளின் கதை தனிப்பாதை. வேலூர், காட்டாங்குளத்தூர், கோவை எட்டிமடை என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் குடும்பமே காரில் போய் இறங்குகிறது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே தனி நுழைவுத்தேர்வு, இடமும் உறுதி. வளாகத்தைச் சுற்றிக் காட்ட ஆள், ஏசி அறையா சாதா அறையா என்று விடுதிக்கு விலைப்பட்டியல், பிளேஸ்மென்ட் சம்பளத்தை எழுதிய பேனர். அந்தப் பேனரில் இருப்பது பெரும்பாலும் ஒருவர் வாங்கிய உச்ச சம்பளம். நடுவில் இருப்பவன் என்ன வாங்கினான் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போவார்கள். கல்லூரியைப் போய்ப் பார்ப்பது என்பது இந்த வர்க்கத்தில் ஒரு சின்னச் சுற்றுலாவாகவே ஆகிவிட்டது. அவர்களுக்கும் காட்டப்படுவதைத் தாண்டிப் பார்ப்பது சுலபமில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று திரும்பி வர வசதி இருக்கிறது.

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அவள் பட்டியலில் இருந்த கல்லூரிகளில் இரண்டை மட்டும் போய்ப் பார்த்தோம், வேலை நாளில். டிரோன் கல்லூரியில் வரவேற்பறையில் குளிர்ந்த ஜூஸ் கொடுத்தார்கள். லேப் பார்க்கலாமா என்றதும் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போனவர் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். கம்ப்யூட்டர்கள் வரிசையாக உறைபோட்டு இருந்தன. புதுசு, பளபளப்பு. கீபோர்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. அடுத்த கல்லூரியில் கட்டடத்துக்கு வெள்ளையடித்து வருஷமாகியிருக்கும். ஆனால் சிவில் லேப் திறந்தே கிடந்தது. கான்கிரீட் கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதியும் பேட்ச் நம்பரும் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். லேப் அசிஸ்டென்ட் ஒருவர், "என்ன பாப்பா, சேரப்போறியா? கணக்கு வருமா?" என்று கேட்டுவிட்டு, கட்டி உடைக்கும் மிஷினை ஓட்டிக் காட்டினார். வாசல் டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன்கள் மெஸ் சாப்பாட்டைத் திட்டினார்கள். ஆசிரியர்களைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அவள் வரிசையை மாற்றினாள். டிரோன் கல்லூரி ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. சரியா தப்பா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் முடிவு அவள் கண்ணால் பார்த்து எடுத்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறார்கள். அப்படி வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றி இல்லை. யூனிஃபார்ம் உண்டா, செல்போன் கொண்டுவரலாமா, தமிழ் மீடியத்துல படிச்சா இங்கிலீஷ்ல திட்டுவாங்களா. வீட்டில் கல்லூரி போனவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு இவைதான் நிஜமான கேள்விகள். பிளேஸ்மென்ட் பேனருக்கு முன்னால் நிற்கும் நகரத்துப் பெற்றோரைவிட இவர்கள் சரியான இடத்தில் கேட்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருப்பதால், முன்பு இவர்கள் பட்டியலிலேயே வந்திராத கல்லூரிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. எட்டும் தூரத்தில் இருப்பதைப் போய்ப் பார்க்கவும் வழி வேண்டும்.

குறை என்னவென்றால், களப்பயணம் பக்கத்துக் கல்லூரியோடு முடிந்துவிடுகிறது. சாய்ஸ் லிஸ்ட்டில் இருப்பதோ வேறு மாவட்டத்துக் கல்லூரிகள். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு, ஒதுக்கீடு வந்த பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் சில நாட்கள்தான் அவகாசம். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன் என்று தேதிக்குள் ஒரு பட்டனை அழுத்தியாக வேண்டும். அதனால் இன்றைக்கும் பல வீடுகளில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதிப்பது ஃபீஸ் கட்டப் போகும்போதுதான்.

கிண்டிக்கு வர அன்று அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம் கொடுத்தார்களே, அந்தச் சலுகையை வேறு திசைக்குத் திருப்பலாம். தரவரிசை எண்ணோடு ஒரு அனுமதிச் சீட்டு: விரும்பும் மூன்று கல்லூரிகளுக்குப் போய்வர மாணவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் அரை டிக்கெட். அந்தச் சீட்டைக் காட்டினால் வேலை நேரத்தில் லேபையும் லைப்ரரியையும் திறந்து காட்ட வேண்டும் என்று கல்லூரிகளுக்கு ஒரு உத்தரவு. சாவி தேடிப் போகிற கல்லூரி எது என்று முதல் வாரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும்.